புதுப்பிப்பு: நாவலை இந்த வாரம் வெளியிடுகிறேன்

ஏழாவது திருத்தம் முடிந்தும் நாவலைச் சொந்தமாக வெளியிட மனசு வரவில்லை, எப்போது போதும் என்று முடிவு செய்வது என்று போன மாதம் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னீர்கள், படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே பக்கத்தில் நான்கு 'திடீரென்று'! கண்ணில் படாதது நாக்கில் தட்டியது. அப்புறம் மாதிரிப் பிரதி ஒன்று அச்சிட்டு வாங்கினேன், அதில் ஒற்றுப்பிழைகள் வேறு. எல்லாம் சரிசெய்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால், நேற்று எடுத்த காற்புள்ளியை இன்று திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறேன், கதை ஒரு அடிகூட நகரவில்லை, பயம்தான் வேலை செய்கிறது என்று புரிந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். அமேசானின் கிண்டிலில் மின்னூலாக வெளியான பிறகும் திருத்திய கோப்பை ஏற்றலாம். ஆனால் அச்சு நூலின் பக்க அளவை, அதாவது நீள அகலத்தை, பிறகு மாற்ற முடியாது, அதை இருமுறை பார்த்தாயிற்று. படித்துச் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.