கல்யாண வேலை குரூப்: புடவை அரக்கா, சிவப்பா?

அக்கா: 📷 அரக்குப் பட்டு, மயில்கழுத்து பார்டர். காஞ்சிபுரத்துல கடையிலதான் இருக்கேன். எடுத்துரவா? சீக்கிரம் சொல்லுங்க

சித்தி: ஏண்டி, அரக்குன்னுட்டு மிளகாய்ப்பழச் சிவப்பை அனுப்புற

பெரியப்பா: எனக்கு காபிப்பொடி கலர்ல தெரியுதும்மா

அக்கா: கையில வச்சிருக்கேன் சித்தி, அரக்கேதான்!!

சித்தி: இரு, ஸ்கிரீன்ஷாட் போடறேன், நீயே பாரு
சித்தி: 📷

அக்கா: இதுலயும் அரக்காத்தான் இருக்கு 😂

நான்: சித்தி, ஸ்கிரீன்ஷாட்ல உங்க திரையோட கலர் வராது. ஃபைல்ல இருக்கிற நம்பர்தான் வரும். அக்கா போன் அதை அது இஷ்டத்துக்குக் காட்டும்

சித்தி: அப்ப என் போன் ரிப்பேராடா?

நான்: இல்ல இல்ல. செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே, அதுல ஸ்கிரீன் மோட். விவிட்னு இருக்கா?

சித்தி: ஆமா, வாங்கினதுலேருந்து அப்படியேதான் கெடக்கு

நான்: அதான். விவிட்ல எல்லாக் கலரையும் கொஞ்சம் ஏத்தித்தான் காட்டும். நேச்சுரலுக்கு மாத்துங்க, சாம்சங், பிக்சல் ரெண்டுலயும் அந்தப் பேர்தான். ஐபோன்ல இப்படித் தேர்ந்தெடுக்கவே வழி கிடையாது. 2016ல ஐபோன் 7லேருந்து கேமராவும் திரையும் பி3ன்னு ஒரு பெரிய கலர் வட்டத்துல வேலை செய்யுது. போட்டோவுக்குள்ளயே "நான் பி3"ன்னு ஒரு சீட்டு இருக்கும், சிஸ்டம் அதைப் படிச்சு திரைக்குத் தக்கபடி மாத்திக் கொடுக்கும். ஆண்ட்ராய்டுக்கு அந்த வேலை 2017ல, 8.0லதான் வந்துச்சு. வந்தும் என்ன, சீட்டைத் திரும்பிக்கூடப் பாக்காத ஆப் இருக்கே

பெரியப்பா: தம்பி, என் காபிப்பொடி?

நான்: ராத்திரி கண் கூசாம மஞ்சளாக்குற மோட் ஆன்ல இருக்கும் பெரியப்பா. மேலேருந்து இழுத்துப் பாருங்க

பெரியப்பா: அட ஆமா. பேரன் போட்டு விட்டது. எடுத்ததும் கண்ணைக் குத்துது

நான்: அக்கா, நீயும் உன் ஐபோன்ல ட்ரூ டோனை ஆஃப் பண்ணு. கடை லைட்டுக்குத் தக்க திரை மஞ்சளாகும்

அக்கா: பண்ணிட்டேன். ஆனா பார்டர் எதுலயும் சரியா வரலடா. பாவு, அதான் நெடுக்கு நூல், நீலம்; குறுக்க ஓடுற ஊடு பச்சை. சாய்ச்சா ஒண்ணு, நிமித்துனா ஒண்ணு

நான்: அது எந்தத் திரையாலயும் ஆகாது. ஆட்டி ஆட்டி வீடியோ எடு

சித்தி: நேச்சுரல் போட்டேன், அரக்காயிருச்சு. ஆனா பேத்தி போட்டோ எல்லாம் சாயம் போன மாதிரி இருக்கே

நான்: 😂 2017ல பிக்சல் 2 எக்ஸ்எல் வாங்கினவங்களும் இதையேதான் சொன்னாங்க. கூகுள் கலரை உள்ளபடி காட்டப் போய், வெளிறிக் கெடக்குன்னு ஒரே புகார். கடைசியில அப்டேட்ல தூக்கலா ஒரு மோட் கொடுத்தாங்க

சித்தி: நானும் பழையபடி விவிட்டே வச்சுட்டேன்
சித்தி: ஏண்டி, புடவையை எடுத்துரு. முந்திக் குஞ்சத்துலேருந்து ரெண்டு இழை மட்டும் கிள்ளிட்டு வா. ஃபால்ஸும் லைனிங்கும் அதை வச்சுப் பாத்துக்குறேன்

அக்கா: 👍 பில் போடச் சொல்லிட்டேன்