மறு: ஹெட் ஆங்கிளுக்குத் 'தளர்கோணம்' வேண்டாமே

வணக்கம். மலை சைக்கிள் பாகங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், ஹெட் ஆங்கிளுக்கு, அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் தரையோடு செய்யும் கோணத்துக்கு, நீங்கள் இப்படிக் கேட்டிருந்தீர்கள்:

> மலை சைக்கிளில் போர்க்கின் சாய்வு கூடினால் 'தளர்கோணம்', குறைந்தால் 'செங்குத்துக்கோணம்' என்று வைக்கலாமா?

ஐயா, செங்குத்துகூடப் பரவாயில்லை, தளர்கோணம் மட்டும் வேண்டாம். சைக்கிள் கடையில் போய் முன்பக்கம் தளர்ந்திருக்கிறது என்று சொன்னால் கடைக்காரர் ஸ்பேனரை எடுத்து ஹெட்செட்டை (போர்க் திரும்பும் பேரிங் மூட்டு) இறுக்க ஆரம்பித்துவிடுவார். இங்கே பழுது எதுவும் இல்லை, வேண்டுமென்றே போர்க்கைப் படுக்க வைக்கிறார்கள்.

என் யோசனை இது. போர்க்குக்குக் 'கவை', அது தரையோடு செய்யும் கோணத்துக்குக் 'கவைக்கோணம்'. சாய்வுக்கோணம் என்று வைத்தால் ஒரு சிக்கல் வரும், ஏனென்றால் எண் குறையக் குறையச் சாய்வு கூடுகிறது. '71 பாகையிலிருந்து 65-க்கு இறக்கினேன்' என்று ஒருவர் எழுதினால் சாய்வைக் கூட்டினாரா குறைத்தாரா என்று படிப்பவர் தடுமாறுவார். அதனால் அளவைச் சொல்லக் 'கோணம்', தன்மையைச் சொல்லச் 'சாய்ந்த', 'நிமிர்ந்த' என்று பிரித்துவிடலாம்.

கோணத்தோடு கூடவே வரும் இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கவை எந்த அச்சில் திரும்புகிறதோ, அதை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால் டயர் தரையைத் தொடுகிறதே, அந்த இடைவெளி. இதைப் 'பின்தங்கல்' என்கிறேன். 370 மி.மீ. ஆரமுள்ள சக்கரம், சக்கர அச்சை அந்தத் திரும்பும் அச்சுக்கு 46 மி.மீ. முன்தள்ளி வைக்கும் கவை என்று வைத்துக் கணக்குப் போட்டால் 71 பாகையில் பின்தங்கல் சுமார் 79 மி.மீ., 65 பாகையில் சுமார் 122. சரிவில் வேகமாக இறங்கும்போது வண்டி நேராக நிற்பதும், மெதுவாக ஏறும்போது ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் சரிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

வீட்டிலேயே இதை மாற்றுகிறவர்கள் செய்வதையும் பார்க்க வேண்டும், சொல் அவர்களுக்கும்தானே. 20 மி.மீ. நீளம் கூடிய கவையைப் போட்டால் கோணம் ஏறக்குறைய 1 பாகை சாயும், ஆனால் மிதியச்சும் (பெடல் சுற்றும் நடு அச்சு) 6, 7 மி.மீ. மேலே வரும், சீட்டும் பின்னால் சாயும், போதாததற்குத் தலைக்குழாய் (பிரேமில் கவை நுழையும் குழாய்) மூட்டில் சுமை கூடிப் பழைய பிரேம் அங்கேயே விரிசல் விடலாம். துளை சரிவாகக் கடைந்த ஹெட்செட் கிண்ணம் போட்டால் 1, 2 பாகை கிடைக்கும், உயரம் அவ்வளவாக மாறாது. என்னைக் கேட்டால் இதுதான் யோக்கியமான வழி. பின்பக்க ஷாக்கின் (அதிர்ச்சி தாங்கி) முனையில் துளை மையம் விலகிய புஷ் (சிறு உருளை வளையம்) போடுவது மூன்றாவது வழி, அதற்கு 'விலகுமையப் புஷ்' போதும்.

அப்புறம் கிராங்க், அதாவது பெடலை மாட்டிச் சுற்றும் கை. அதற்கு 'வணரி' என்று முன்பே ஒருவர் எழுதியிருந்தார். வணர் என்றால் வளைதல். 1976-இல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் ரீபேக் சரிவுப் பந்தயம் தொடங்கியபோது மலை சைக்கிளின் முன்னோடிகளான ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் கூட்டம் இறக்கி ஓட்டிய பழைய ஷ்வின் எக்செல்சியர் மாதிரி வண்டிகளுக்கு அது கச்சிதமான சொல், ஏனென்றால் அவற்றில் வந்த கிராங்க் ஒரே எஃகுக் கம்பியை இரண்டு பக்கமும் வளைத்தது. (ரீபேக் என்ற பெயரே வீட்டு வேலையிலிருந்து வந்ததுதான்: ஒரு இறக்கத்திலேயே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து போகும், மறுபடி அடைக்க வேண்டும்.) இன்றைய கிராங்கில் அச்சு தனி, கை தனி, வளைவே கிடையாது. கைக்கு 'மிதிதண்டு' என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. வணரியை எஞ்சின்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

மிதிதண்டைக் குறுக்கும் வேலைக்குத் 'தண்டு குறுக்கல்' என்றாலே புரியும். 175 மி.மீ. தண்டை 165 ஆக்குகிறேன் என்று ட்ரில்லை எடுப்பவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பெடல் துளையே 9/16 அங்குலம், அதாவது 14.3 மி.மீ., எனவே 10 மி.மீ. தள்ளிப் போட்டால் புதுத் துளை பழைய துளைக்குள்ளேயே விழும். குறைந்தது 20 மி.மீ.யாவது தள்ளினால்தான் இடையில் உலோகம் மிஞ்சும். உள்ளே பொள்ளலாகச் செய்த தண்டு இதற்கு ஆகாது, முழு அலுமினியமாக இருக்க வேண்டும். 20 குறைத்தால் சீட்டையும் 20 ஏற்ற வேண்டும், மிதிக்க அழுத்தமும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், பதிலுக்குப் பெடல் கல்லில் இடிப்பது குறையும்.

இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதால் துளையில் மரை வெட்ட இரண்டு டேப் (மரை வெட்டும் கருவி) வேண்டும். இதற்கு மட்டும் நாம் சொல்லே உருவாக்க வேண்டாம், வலம்புரி மரை, இடம்புரி மரை. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?