பார்த்து முடித்த பிறகும் விடாத தொடர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

விமர்சகர்கள் கொண்டாடிய தொடர்களில் இந்த ஆண்டு நேரம் ஒதுக்கிப் பார்க்கத் தகுந்தவை எவை என்று பலரும் கேட்கிறார்கள். பெயர்ப் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். பார்த்தபோது உங்களுக்கு என்ன ஆனது, எந்த இடத்தில் கதை பிடித்து இழுத்தது, எங்கே நிறுத்திவிட்டீர்கள் என்று எழுதினால்தான் அடுத்தவருக்கு உபயோகப்படும். முடிவுகளை மட்டும் உடைக்க வேண்டாம். நானே ஆரம்பிக்கிறேன்.

என்னுடையது 'அடோலசன்ஸ்'. நெட்ஃபிளிக்ஸில் 2025 மார்ச்சில் வந்தது, மொத்தமே 4 எபிசோடு. கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாக 13 வயதுப் பையன் ஒருவனை, விடிகாலையில் கதவை உடைத்து உள்ளே வந்து போலீஸ் கைது செய்கிறது. அங்கிருந்து வண்டி, ஸ்டேஷன், கைரேகை, வக்கீல் என்று கேமரா ஒரு நொடி கூட வெட்டாமல் கூடவே போகிறது. நான்கு எபிசோடும் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஒரே ஷாட். முதல் எபிசோடில் நாம் பார்ப்பது 2-வது டேக்காம், கடைசி எபிசோடில் 16-வது டேக். அந்த உழைப்பை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வெட்டு இல்லாததால் அந்தப் பையனின் அப்பாவுக்கு ஒதுங்க இடமே கிடைக்கவில்லை, பார்க்கிற எனக்கும் கிடைக்கவில்லை. சாதாரணத் தொடரில் கைதுக் காட்சி முடிந்ததும் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள், நாமும் மூச்சு விட்டுக்கொள்வோம். இங்கே காத்திருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

என் மகனும் ஏறக்குறைய அந்த வயதுதான். அவனோடு சேர்ந்து பார்த்தேன். இரண்டாவது எபிசோடில் இன்ஸ்பெக்டருக்கு அவருடைய சொந்த மகனே வந்து, பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் போடும் எமோஜிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விளக்குகிறான். நான் திரும்பிப் பார்த்தேன். "இது எல்லாருக்கும் தெரியும்பா" என்றான். அதற்கு மேல் அன்றைக்குப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்தோம். பிரிட்டனில் இந்தத் தொடரை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்ததன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது.

மூன்றாவது எபிசோடு முழுக்க ஓர் அறையில் இரண்டு பேர்: அந்தப் பையன், அவனை மதிப்பிட வந்த உளவியலாளர். பையனாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு, அதிலும் முதலில் படமாக்கியது இந்த எபிசோடைத்தான். நடுவில் அவன் கொட்டாவி விடுவான், எதிரே இருக்கும் எரின் டோஹர்ட்டி "நான் சலிப்பூட்டுகிறேனா?" என்று கேட்பார். எழுதி வைத்த வசனம் இல்லை, அந்த நேரத்தில் நடந்தது. 15 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியை வாங்கினான், நடிப்புக்காக எம்மி வாங்கிய ஆண்களிலேயே இளையவன். டோஹர்ட்டிக்கும், அப்பாவாக நடித்து ஜாக் தோர்னுடன் சேர்ந்து கதையும் எழுதிய ஸ்டீவன் கிரஹாமுக்கும் கூட அதே மேடையில் கிடைத்தது.

தயவுசெய்து ஒன்று: வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்காதீர்கள். இந்தத் தொடரில் நேரம்தான் கதை.

* * *

மேலே எழுதியவர் நேரம் என்றதும் எனக்குத் தோன்றியது 'தி பிட்'. பல ஆண்டுகளாக அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவமனைத் தொடர் என்றாலே தள்ளிப்போடுவேன், ஏனென்றால் அவற்றில் எல்லாரும் காதலித்துக்கொண்டிருப்பார்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் ஓர் அதிசயம் நடக்கும். இதைக் கூட வேலை செய்கிறவர் வற்புறுத்தித்தான் பார்த்தேன்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் காலை 7 மணிக்குத் தொடங்கும் ஒரே ஷிஃப்ட். முதல் சீசனின் 15 எபிசோடும் அந்த ஒரே நாள்தான், ஓர் எபிசோடுக்கு ஒரு மணி நேரம். காலையில் வந்த நோயாளி நான்கு எபிசோடு தாண்டியும் அதே படுக்கையில் கிடப்பார், மேல் மாடி வார்டில் இடம் இல்லாததால். இதை எந்தத் தொடரும் காட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் வேலையில் பாதி அதுதான். காத்திருப்போர் அறை நிரம்பி வழியும், உள்ளே படுக்கை காலியாகாது, வெளியே இருப்பவர்களின் கோபம் மணிக்கு மணி ஏறும். அந்தக் கோபம் கடைசியில் தலைமைச் செவிலியர் டேனா மேல் வந்து விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு நான் அழுதேன். நான் முன்பு இருந்த இடத்தில் எனக்கும் அது நடந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்தேன், யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. டேனாவாக நடித்த கேத்தரின் லனாசா எம்மி மேடையில் ஏறியபோது எங்கள் வார்டே கைதட்டியது.

பின்னணி இசை ஏறக்குறைய கிடையாது. மானிட்டர் சத்தம், ஸ்ட்ரெச்சர் சக்கரம், யாரோ யாரையோ கூப்பிடுவது, அவ்வளவுதான். எழுதுகிறவர்களில் ஜோ சாக்ஸ் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் இருக்கிறார், அது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. ஒருவர் இறந்தபின் மருத்துவர்கள் ஒரு நிமிடம் நின்று மௌனமாக இருப்பார்கள். பிறகு அடுத்த நோயாளி. அந்த ஒரு நிமிடம் கூட எங்களுக்கு எல்லா நாளும் கிடைக்காது.

மனசில் நின்றுபோன காட்சி ஒன்று. வயதான அப்பாவை விடை கொடுத்து அனுப்ப முடியாமல் தவிக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும், தலைமை மருத்துவர் ராபி நான்கு வாக்கியம் சொல்லிக் கொடுப்பார். உன்னை நேசிக்கிறேன், நன்றி, உன்னை மன்னிக்கிறேன், என்னை மன்னித்துவிடு. ஹவாய் மக்களின் வழக்கத்திலிருந்து வந்தது என்பார். அதைப் பார்த்த பிறகு, உறவினர்களிடம் பேசும்போது என் வார்த்தைகள் மாறியிருக்கின்றன.

ராபியாக நடிக்கும் நோவா வைலை 1994-இல் தொடங்கிய 'ஈஆர்' தொடரில் மருத்துவ மாணவராகப் பார்த்தவர்களுக்கு இது கூடுதலாக ஒன்று தரும். அப்போது தடுமாறிக்கொண்டிருந்த முகம் இப்போது மற்றவர்களை வழிநடத்துகிறது. எம்மியில் சிறந்த நடிகர் விருதும், சிறந்த டிராமா தொடர் விருதும் 2025-இல் கிடைத்தன. 2026 ஜனவரியில் இரண்டாவது சீசனும் தொடங்கிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. பிற்பகுதியில் ஒரு கூட்டத் துப்பாக்கிச் சூட்டின் காயங்கள் அலை அலையாக வரும். சமீபத்தில் யாரையாவது இழந்தவர்கள் கொஞ்சம் காலம் போன பிறகு பாருங்கள்.

* * *

முதலில் எழுதியவரோடு எனக்குக் கொஞ்சம் உடன்பாடு இல்லை. 'அடோலசன்ஸ்' நல்ல தொடர்தான். ஆனால் ஒரே ஷாட் என்று தெரிந்த பிறகு என் கண் கேமரா பின்னாலேயே ஓடியது. இரண்டாவது எபிசோடின் கடைசியில் கேமரா அப்படியே ட்ரோனில் ஏறி ஊருக்கு மேலே பறக்கும். "எப்படிச் செய்தார்கள்?" என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இறந்துபோன பெண்ணைப் பற்றி யோசித்திருக்க வேண்டிய இடம் அது.

வெட்டு இல்லாத காட்சி எனக்கு முழுசாக வேலை செய்தது 'செர்னோபில்' தொடரில். 2019-இல் எச்பிஓவில் வந்தது, 5 எபிசோடு. வெடித்த அணு உலையின் கூரையில் கிடக்கும் கிராஃபைட் துண்டுகளை மனிதர்களே மண்வெட்டியால் அள்ளிப் போட வேண்டும். ஒருவர் மேலே இருக்கக்கூடியது 90 வினாடிதான். கதிர்வீச்சில் அதற்கு மேல் நிற்கக்கூடாது. அந்த 90 வினாடியையும் வெட்டாமல் காட்டுகிறார்கள். அந்த வேலைக்கு வந்தவனின் மூச்சு முகமூடிக்குள் கேட்கிறது, கால் சிக்குகிறது, மீட்டர் கரகரக்கிறது. எனக்குத் தெரியாமலே நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கேமரா ஞாபகம் வரவே இல்லை.

இசை ஹில்டுர் குட்நடோட்டிர். லித்துவேனியாவில் மூடப்பட்ட ஓர் அணுமின் நிலையத்துக்குள்ளேயே போய் அங்குள்ள ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்தே இசையை உருவாக்கினார். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

* * *

நானும் தங்கையும் வேறு வேறு ஊரில் இருக்கிறோம். 'செவரன்ஸ்' எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆப்பிள் டிவியில் வாரம் ஒரு எபிசோடுதான் வரும். பார்த்து முடித்த உடனே ஃபோன். "அந்த ஆடு எதுக்கு அக்கா?" என்று ஆரம்பிப்பாள், மணிக்கணக்கில் போகும்.

அலுவலகத்துக்குள் இருக்கும்போது வெளி வாழ்க்கை ஞாபகமே இருக்காது, வெளியே வந்தால் அலுவலகம் ஞாபகம் இருக்காது. மூளையில் அப்படி ஒரு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கதை. உள்ளே இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. லிஃப்டில் ஏறி இறங்கினால் மறுபடி வேலை நாள்தான். இந்த ஒற்றை யோசனையை வைத்துக்கொண்டு உழைப்பு, துக்கம், காதல் எல்லாவற்றையும் கேள்வி கேட்கிறார்கள். கதாநாயகன் அந்த அறுவை சிகிச்சைக்குப் போனதே மனைவி இறந்த வலியை ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது மறக்கத்தான். அப்பா போன பிறகு நானும் தங்கையும் மாற்றி மாற்றி இதைத்தான் பேசினோம்: முடியும் என்றால் நாமும் செய்துகொண்டிருப்போமா? அவள் மாட்டேன் என்றாள். நான் உடனே பதில் சொல்லவில்லை.

முதல் சீசன் 2022, அடுத்தது 2025 ஜனவரி. நடுவில் அவ்வளவு பெரிய இடைவெளி. இப்போது தொடங்குகிறவர்களுக்கு இரண்டும் கையில் இருக்கிறது, 9 எபிசோடும் 10 எபிசோடும். ஆனாலும் மொத்தமாக உட்கார்ந்து முடித்துவிடாதீர்கள். நடுவே விட்டு விட்டு, யாராவது ஒருவரோடு பேசிக்கொண்டே பாருங்கள். இரண்டாவது சீசனின் 7-வது எபிசோடை, தொடரின் ஒளிப்பதிவாளர் ஜெசிகா லீ காக்னே இயக்கினார். அது அவர் இயக்கிய முதல் எபிசோடு. ஒரு திருமண வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்தத் தொடரிலும் அதுதான் உச்சம்.

நடிப்புக்காக பிரிட் லோவருக்கும் ட்ராமெல் டில்மனுக்கும் எம்மி கிடைத்தது. டில்மன் சிரித்துக்கொண்டே மிரட்டுவதைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

* * *

சுருக்கமாக: 'ஆண்டோர்', ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களின் உலகில் நடக்கும் தொடர். அந்தப் படங்களில் ஒன்று கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. பார்க்காமலே புரிகிறது. இரண்டே சீசன், ஒவ்வொன்றிலும் 12 எபிசோடு. இரண்டாவது சீசனில் மூன்று மூன்று எபிசோடாகச் சேர்த்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் இடையில் ஓர் ஆண்டு தாவுகிறார்கள். சர்வாதிகாரம் எப்படி அலுவலகக் கூட்டங்களில், கோப்புகளில், பதவி உயர்வு ஆசையில் வளர்கிறது என்று இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தொடர் வேறு எனக்குத் தெரியாது. மூன்று எபிசோடை ஒரு சினிமா மாதிரி ஒரே மூச்சில் பாருங்கள்.

இன்னொன்று 'ஷோகன்', 2024. பேச்சு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில், அதனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியாது, கை ஃபோனுக்குப் போகாது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரே சீசனுக்கு 18 எம்மி.

* * *

எல்லாரும் எம்மி எம்மி என்பதால் எழுதுகிறேன். ஒரு எம்மி கூட வாங்காத தொடர் 'தி வயர்'. 2002-இல் இருந்து 2008 வரை, 5 சீசன், 60 எபிசோடு. இன்றைக்கு உலகத்தின் சிறந்த தொடர்களைக் கணக்கெடுக்கும் இடமெல்லாம் இது இருக்கிறது.

அமெரிக்காவின் பால்டிமோர் என்ற ஒரே ஊர். போதைப்பொருள் தெருமுனை, துறைமுகம், நகரசபை, பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம் என்று ஒவ்வொரு சீசனும் ஒரு கதவைத் திறக்கும். எழுதிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர், கூட எழுதிய எட் பர்ன்ஸ் கொலை வழக்குகளை விசாரித்த போலீஸ்காரர், பிறகு பள்ளி ஆசிரியர். நானும் ஆசிரியர்தான். நான்காவது சீசனில் வேலையை விட்ட ஒரு போலீஸ்காரர் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வருவார். பிள்ளைகள் ஒரு சொல் கேட்க மாட்டார்கள். அப்புறம் அவர் தாயக்கட்டையை வைத்து நிகழ்தகவு சொல்லிக் கொடுப்பார், வகுப்பு மெல்ல மெல்ல அவர் பக்கம் வரும். உடனே மேலிடம் வந்து, தேர்வுக்கான பாடத்தை மட்டும் நடத்துங்கள் என்று சொல்லிவிடும். அந்த மேலிடத்து ஆள் வில்லன் கிடையாது, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். என் ஆசிரியர் அறையில் நடந்ததை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. மைக்கேல், நேமண்ட், ரேண்டி, டூக்கி என்று நான்கு பையன்கள். அவர்களில் ஒருவன் என் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறான், அவனை இப்போது சீக்கிரமாகவே அடையாளம் கண்டுகொள்கிறேன்.

ஆரம்பம் கடினம். யார் யார் என்றே பிடிபடாது, வட்டாரப் பேச்சு வேறு. சப்டைட்டில் போட்டுக்கொண்டு முதல் சீசனின் நடுப்பகுதி வரைக்குமாவது போய்ப் பாருங்கள். அதற்கு முன்னால் விட்டவர்களைத்தான் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

* * *

இந்த இழையைத் தொடங்கியவன் மறுபடியும். எதில் ஆரம்பிப்பது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வார இறுதிதான் இருக்கிறது என்றால் 'செர்னோபில்' அல்லது 'அடோலசன்ஸ்', இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டாம், தாங்காது. பேச ஒரு துணை இருந்தால் 'செவரன்ஸ்'. மாலைக்கு ஓர் எபிசோடு என்று நிதானமாகப் போகிறவர்களுக்கு 'தி பிட்'. 'தி வயர்' மாதக் கணக்கு எடுக்கும், அதை மழைக்காலத்துக்கு என்று ஒதுக்கி வைக்காமல் இப்போதே தொடங்குங்கள். ஆசிரியர் எழுதியதைப் படித்துவிட்டு நான் நேற்று தொடங்கிவிட்டேன், சப்டைட்டிலோடு. ட்ரோன் காட்சியைப் பற்றிக் குறை சொன்னவருக்கு: கேமரா கடைசியில் போய் இறங்கும் இடத்தையும், அங்கே நிற்கும் முகத்தையும் இன்னொரு முறை பாருங்கள். அப்புறமும் அதே கருத்து என்றால் வந்து எழுதுங்கள், காரணத்தோடு.