காசு கட்டுகிறவர் எவ்வளவு தண்ணீரும் ஊற்றலாமா?

வெள்ளவத்தைவாசி:
எங்கள் தொடர்மாடியில் 24 வீடுகள். போன கிழமை பின்னேரம் அழுத்தம் குறைந்து நாலாம் மாடிக்கு மேலே சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பெப்ரவரி வெயில் தெரியும்தானே. அதே நேரம் கீழே ஒருவர் ஹோஸ் பைப்பால் கார் கழுவுகிறார், இருபது நிமிடம். "அண்ணை, வாளியில் கழுவலாமே" என்றேன். "மாதம் மாதம் காசு கட்டுகிறேன் தம்பி" என்றார். சரி, கட்டுகிறார். அதற்காக மேல்மாடிக்காரர் குளிக்காமல் இருக்க வேண்டுமா?

மூன்றாம்மாடி:
கார் கழுவியவர் நான் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவர் பக்கம்தான் பேசுவேன். கோடை வந்தால் போதும், வீட்டுக்காரர் தலையில் பழியைப் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கொழும்பு நகரத்தில் சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் கிட்டத்தட்ட பாதி கணக்கில் வராமலே போன காலம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் குழாய்களில் கசிவு, களவு இணைப்பு, ஓடாத மீற்றர். பழைய குழாயைத் தோண்டி மாற்றத் தொடங்கிய பிறகுதான் அது குறைந்தது. நீங்களும் நானும் பல் துலக்கும்போது குழாயை மூடியதால் குறையவில்லை.

அரியாலையாள்:
தம்பி, குழாய் கசிகிறது என்பதற்காக நாமும் கசிய வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் துலா, அதாவது கிணற்று ஏற்றம், இருந்த நாட்களில், பங்குனி கழிந்தால் கிணற்றின் அடி தெரியும். வாளியில் பாதி சேறுதான் வரும். அன்றைக்கு யாருக்கு எத்தனை வாளி என்று அம்மம்மா கண்ணாலேயே சொல்லிவிடுவா. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்காலால் வாழைக்குப் போகும். அதை யாரும் சிக்கனம் என்று சொன்னதில்லை, வாழை அங்கே நின்றது, அவ்வளவுதான். கொழும்புக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. குழாய்க்கு அடி தெரிவதில்லை.

மூன்றாம்மாடி:
அக்கா, ஊர்ப் பெருமையை விடுங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் இருக்கிற கொஞ்ச நன்னீரை மோட்டர் போட்டு இறைத்து, பல கிணறுகளில் உவர் ஏற வைத்ததும் அதே ஊர்ச் சனம்தானே?

அரியாலையாள்:
உண்மைதான், மறுக்கவில்லை. துலா இழுத்தபோது கை வலித்தது, கையே கணக்கு வைத்தது. மோட்டர் சுவிட்சுக்கு அந்த வலி இல்லை. உங்கள் கார்க்கார அண்ணைக்கும் அதேதான்.

கொட்டாஞ்சேனைப்பொடியன்:
நீங்கள் எல்லாரும் தொடர்மாடிக் கதை. எங்கள் தோட்டத்தில், அதாவது நெருக்கிக் கட்டிய வரிசை வீடுகளில், பொதுக்குழாய், விடிய நாலரைக்கே வாளி வரிசை. அதன் திருகு உடைந்து இரண்டு மாதம். துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறோம், அப்படியும் ஒழுகுகிறது. போன மாதம் ஒருவர் வந்து "தண்ணீரை வீணாக்காதீர்கள்" என்று துண்டுப்பிரசுரம் தந்துவிட்டுப் போனார். திருகு தரவில்லை.

வெள்ளவத்தைவாசி:
நியாயம். ஆனால் என் கேள்வி கார்க்காரரைப் பற்றியது.

உப்புத்தண்ணீர்:
இடையில் நுழைகிறேன். குழாயில் வருவது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இந்தச் சண்டை முடியாது. ஒரு பகுதி லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. லபுகம 1886ஆம் ஆண்டினுடையது. பெரும்பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுப்பது. மழை விட்டு ஆறு வற்றினால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். உப்புநீர் பாரம் கூடியது, அதனால் மேலே தெரியாது, அடியால் ஊர்ந்து வரும். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடித்தளம் பல இடங்களில் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. அதனால்தான் அம்பத்தளையில் உப்புநீரைத் தடுக்க அணை தேவைப்படுகிறது. அங்கே எடுப்பது குறைந்தால் முதலில் காய்வது மேல்மாடிகளும் கடைசித் தெருக்களும்தான்.

இனி கார்க்காரர். ஹோஸில் நிமிடத்துக்கு 12 லீற்றர் என்று வைத்தாலும் இருபது நிமிடத்தில் 240 லீற்றர். தனி வீடு என்றால் மீற்றர் காட்டிக்கொடுக்கும். ஓர் அலகு 1000 லீற்றர், பாவனை கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும். உங்கள் கட்டடத்துக்கு ஒரே மீற்றர், பில்லை 24ஆகப் பிரிக்கிறீர்கள் என்றால், அவர் 240 லீற்றர் ஊற்றியதில் அவர் பையிலிருந்து போவது 10 லீற்றரின் காசு. மிச்சத்தை நீங்கள் கட்டுகிறீர்கள். அவர் "காசு கட்டுகிறேன்" என்பது அந்தக் கணக்கில் பொய்.

மூன்றாம்மாடி:
இது சரி, ஒப்புக்கொள்கிறேன். புத்தி சொல்வதை விட்டு வீட்டுக்கொரு மீற்றர் பூட்டச் சொல்லுங்கள், கையொப்பம் போடுகிறேன். மழைநீர் சேகரிப்பும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் சில வகைப் புதுக் கட்டடங்களுக்குக் கட்டாயம். எங்கள் கட்டடத்திலும் அதற்கு ஒரு தாங்கி இருக்கிறது. உள்ளே உடைந்த கதிரைகள்.

உப்புத்தண்ணீர்:
மீற்றர் வரும்வரை எல்லாரும் ஒன்று செய்து பாருங்கள். கக்கூஸ் சிஸ்டர்னுக்குள் ஒரு கரண்டி மஞ்சள்தூள் போட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பையில் மஞ்சள் இறங்கினால் உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது. சத்தமில்லாமல் வீணாகிற தண்ணீர் இப்படித்தான் அதிகம் போகிறது.

அரியாலையாள்:
சமையல் மஞ்சளா? இன்றைய விலைக்கா?

மூன்றாம்மாடி:
போட்டுப் பார்த்தேன். என் வீட்டில் வெள்ளை வெளேர். 😎

வெள்ளவத்தைவாசி:
என் வீட்டில் இறங்கியது. நம்பாமல் இரவு 10 மணிக்கு சிஸ்டர்னுக்குத் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டிவிட்டுப் படுத்தேன். காலை 6க்குப் பார்த்தால் 9 லீற்றர் சிஸ்டர்ன் காலி. அப்படியானால் நாளொன்றுக்குக் குறைந்தது 27 லீற்றர். ஆறு மாதமாக ஒரு சின்ன "ஸ்ஸ்" சத்தம் கேட்டது, ஃபேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம்மாடி:
27ஐ 180 நாளால் பெருக்கினால் 4,860 லீற்றர். அந்த அண்ணை இருபது தடவை கார் கழுவலாம் தம்பி. 😂

வெள்ளவத்தைவாசி:
சிரியுங்கள், சிரியுங்கள். காலி வீதியில் அந்த ரப்பர் தனியாகக் கிடைக்குமா, அல்லது முழு செட்டும் வாங்க வேண்டுமா? தெரிந்தவர் சொல்லுங்கள். அதுவரை வால்வு பூட்டித்தான் இருக்கிறது, வாளிதான் ஓடுகிறது.

கொட்டாஞ்சேனைப்பொடியன்:
ஹார்ட்வெயார் கடையில் தனியாகவே கிடைக்கும், பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு காட்டுங்கள். அப்படியே எங்களுக்கும் ஒரு திருகு, அரை அங்குலம்.