பவர் வீடர் சோக் போட்டா ஓடுது, எடுத்தா ஏறி எறங்குது, மண்ணுல விட்டா நின்னுடுது – உதவி தேவை

வாழைக்காரன்_கோபி:
வணக்கமுங்க. வாழைப் பாருக்கு நடுவுல களை எடுக்க ஓட்டுற பெட்ரோல் பவர் வீடர், 7 எச்பி. மழைக்கு முன்னால ஓட்டி ஷெட்டுல நிறுத்தினது, மூணு மாசம் தொடவே இல்லை. டேங்குல பாதி பெட்ரோல் இருந்துச்சு. இப்ப எடுத்தா கயிறு இழுத்ததும் ஸ்டார்ட் ஆகுது, சோக் போட்டிருக்கிற வரைக்கும் ஒழுங்கா ஓடுது. சோக்கை முழுசா தொறந்துட்டா சும்மா நிக்கிறப்பவே "ஊ... ஊ..."ன்னு ரேஸ் ஏறி எறங்குது. பிளேடு மண்ணைக் கடிச்சதும் ரெண்டு இருமல், அவ்வளவுதான், ஆஃப்.

டவுன்ல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். பிளக்கை மாத்திப்போட்டு, "கார்பரேட்டர் போச்சு, புதுசு போடணும், 1,800 ஆகும்"னாரு. கழட்டிக்கூடப் பார்க்கலீங்க. காசு குடுக்கறதுக்கு முன்னால நாமளே பார்க்கற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?

தேனி_திராட்சை:
எனக்கும் இதே மாதிரி ஆச்சு. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரோட ஸ்பிரிங்கை ஒரு கண்ணி வெட்டி இறுக்கி விட்டேன், சரியாயிடுச்சு.

பட்டறை_பொள்ளாச்சி:
தேனிக்காரரே, அந்த வேலையை யாருக்கும் சொல்லிக் குடுக்காதீங்க. இந்தச் சின்ன எஞ்சினுக்கு உச்ச வேகம் 3600 ஆர்பிஎம் பக்கம்தான். ஸ்பிரிங்கை இறுக்கினா அதைத் தாண்டி ஓடும், என்னைக்காவது கனெக்டிங் ராடு உடைஞ்சு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வரும். கவர்னர்மேல குத்தமே இல்லை.

கோபி தம்பி, நீங்க சொன்ன அடையாளத்துலயே பாதி விடை இருக்கு. சோக் போட்டா காத்து குறையும், பெட்ரோல் கூடும். அப்ப நல்லா ஓடுதுன்னா, சோக்கைத் தொறந்ததும் எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். பெட்ரோல் பத்தாம வேகம் விழும், கவர்னர் அதைப் பார்த்து திராட்டிலை, அதாவது காத்து போற கதவைத் தொறக்கும், மெயின் ஜெட்டுங்கிற பெட்ரோல் ஓட்டை வழியா பெட்ரோல் வந்து வேகம் ஏறும், உடனே கவர்னர் மூடும், மறுபடி விழும். நீங்க கேட்கிற "ஊ... ஊ..." அதுதான்.

முதல்ல எதையும் கழட்டாதீங்க. கார்பரேட்டர் கிண்ணத்துக்கு அடியில சின்ன டிரெய்ன் திருகு இருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலைக் கீழ வெச்சு அதைத் தொறந்து பிடிங்க, பத்து நிமிஷம் ஆட்டாம வெய்யுங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்துல வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கணும்.

அப்படியே ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சாலோ, அளவு ஏறியிருந்தாலோ ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கிண்ணத்துக்கு வர்ற பெட்ரோலை நிறுத்துற ஊசி வால்வு அடைக்காம பெட்ரோல் ஆயிலுக்குள்ள இறங்கியிருக்கும்.

வாழைக்காரன்_கோபி:
ஆயில் வாடை இல்லீங்ணா, அளவும் சரியா இருக்கு. பாட்டில்ல பார்த்தா அடியில ஒரு விரக்கடை தண்ணியாட்டம் தனியா நிக்குது, மேல பெட்ரோல். பெட்ரோலும் வெளுப்பா இல்லை, கருப்பட்டித் தண்ணி நெறம். புளிச்ச வாடை வேற.

பட்டறை_பொள்ளாச்சி:
அப்படியானா கார்பரேட்டர் போகலை, பெட்ரோல்தான் போச்சு. இப்ப பங்குல வர்றது 20 சதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு அளவு தாண்டினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து அடியில பிரிஞ்சு நிக்கும். மழைக்காலத்துல பாதி டேங்க் காலியா இருந்தா உள்ள இருக்கிற காத்து ஈரமும் இதுல சேரும். மீதிப் பெட்ரோல் காய்ஞ்சு கோந்து மாதிரி ஜெட்டுல ஒட்டும். இந்த வகை எஞ்சின் பலதோட மேனுவல்ல எத்தனால் 10 சதம் வரைக்கும்தான் போட்டிருக்கும்.

டேங்கை முழுசா வடிச்சிடுங்க. பெட்ரோல் டேப்புக்கு அடியில ஒரு சின்னக் கப் இருக்கும், 10-ம் நம்பர் ஸ்பேனர்ல கழலும். உள்ள வலை, ஓ-ரிங் இருக்கும், தொலைச்சிடாதீங்க. அப்புறம் கார்பரேட்டர் கிண்ணத்தைக் கழட்டினா நடுத் தூணுக்குள்ள பித்தளை மெயின் ஜெட். பொருத்தமான திருப்புளி வெச்சுக் கழட்டுங்க, காடி சிதைஞ்சா வெளிய வராது. ஜெட்டுக்கு மேல ஒரு குழாய் நிக்கும், பக்கவாட்டுல சன்ன ஓட்டைங்க. தட்டினா கீழ விழும். அதையும் வெளிய எடுத்துத்தான் கழுவணும், நெறைய பேரு அதை விட்டுடுவாங்க.

ஜெட்டுக்குள்ள ஊசி, குண்டூசி எதையும் விடாதீங்க. பித்தளை மெத்துன்னு இருக்கும், ஓட்டை அகலமாயிட்டா பெட்ரோல் குடிச்சுக்கிட்டு கரும்புகை கக்கும். கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடிச்சு, காத்து அடிச்சு, வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. முழு வட்டமா வெளிச்சம் தெரியணும். ரொம்ப அடைச்சிருந்தா வயருக்குள்ள இருக்கிற ஒத்தைச் செம்பு இழை, அவ்வளவுதான்.

டில்லர்_பிரியன்:
அண்ணா, இடையில ஒரு கேள்வி. என்னோடது டீசல் பவர் டில்லர், கரும்புகை தள்ளுது. இதே வேலை பண்ணலாமா?

பட்டறை_பொள்ளாச்சி:
டீசல்ல கார்பரேட்டரே கிடையாதே தம்பி! முதல்ல ஏர் கிளீனரைப் பாருங்க, அப்புறம் நாசில். விவரமா தனியா கேளுங்க, இங்க கலக்க வேண்டாம்.

வாழைக்காரன்_கோபி:
பண்ணிப்போட்டேனுங்க. மெயின் ஜெட்டுல பாதி ஓட்டைதான் தொறந்திருந்துச்சு. அந்தக் குழாயோட பக்க ஓட்டைங்க ரெண்டு சுத்தமா மூடியிருந்துச்சு. புதுப் பெட்ரோல் ஊத்தி ஓட்டினேன். மண்ணுல இழுவை வந்துடுச்சு! ஆனா சும்மா நிக்கிறப்ப இன்னும் லேசா ஏறி எறங்குது.

பட்டறை_பொள்ளாச்சி:
பைலட் ஜெட் பாக்கி, சும்மா ஓடறப்ப பெட்ரோல் குடுக்கிற சின்ன ஜெட் அது. ஸ்லோ ஸ்பீடு வெக்கிற திருகு இருக்குதுல்ல, அதை எத்தனை சுத்துன்னு எண்ணிக் கழட்டுங்க. அதுக்கு அடியில கருப்பு பிளாஸ்டிக்குல சின்னதா ஒண்ணு, திருப்புளி முனையில நெம்பினா மேல வரும். அதோட ஓட்டை முடி நுழையற அளவுதான். மாத்தச் சொன்ன கார்பரேட்டர்ல பெரும்பாலும் இது ஒண்ணுதான் அடைச்சிருக்கும்.

தேனி_திராட்சை:
கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற பேக்கிங்கையும் பாருங்க. கிழிஞ்சிருந்தா அது வழியா காத்து இழுத்து இதே மாதிரி ஆடும்.

பட்டறை_பொள்ளாச்சி:
சரியான பேச்சு. பைலட்டைச் சுத்தம் பண்ணியும் ஆடினா அடுத்தது அதுதான்.

வாழைக்காரன்_கோபி:
பைலட் ஜெட்தானுங்க! இப்ப ஒரே சீரா ஓடுது. பேக்கிங் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா புதுசா ஒண்ணு: காட்டுல கால் மணி நேரம் நல்லா ஓடிட்டு, அப்படியே மூச்சடைச்ச மாதிரி நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுக்கா ஸ்டார்ட் ஆகுது. சூடாகி நிக்குதோ?

பட்டறை_பொள்ளாச்சி:
சூடா, பெட்ரோலான்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிக்கலாம். நிக்கிற நேரத்துல டேங்க் மூடியை லேசாத் திருகி விட்டு, உடனே கயிறு இழுங்க.

வாழைக்காரன்_கோபி:
மூடியைத் திருகினதும் "உஸ்"ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சுங்ணா! உடனே ஸ்டார்ட். மூடியைக் கவுத்துப் பார்த்தா காத்து ஓட்டையில செம்மண் கெட்டியா அடைச்சிருக்கு. பெட்ரோல்லயே ஊற வெச்சுக் கழுவி ஊதினேன். மத்தியானம் ஒரு டேங்க் முழுக்க நிக்காம ஓட்டிட்டேன். ரொம்ப நன்றிங்க, தேனி அண்ணாவுக்கும்தான்.

பட்டறை_பொள்ளாச்சி:
சந்தோஷம். அந்த மெக்கானிக் போட்ட பிளக் இடைவெளி 0.7 – 0.8 மி.மீ. இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க, புதுசுன்னாலும் சில சமயம் மாறியிருக்கும். அடுத்த தடவை நிறுத்தும்போது டேப்பை மூடிட்டு தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, அப்புறம் டிரெய்ன் திருகைத் தொறந்து மீதியை வடிச்சிடுங்க. டேங்கையும் காலி பண்ணிடுங்க.

வாழைக்காரன்_கோபி:
சரிங்ணா. வடிச்ச பழைய பெட்ரோல் ரெண்டு லிட்டர் கேன்ல இருக்கு. பைக்குல கலந்து ஊத்திடலாமா?

பட்டறை_பொள்ளாச்சி:
வேண்டவே வேண்டாம், அப்புறம் பைக்குக்கு இதே கேள்வியோட வருவீங்க. வாய்க்கால்லயோ கிணத்து மேட்டுலயோ கொட்டவும் வேண்டாம். பக்கத்துப் பட்டறையில குடுத்தா பார்ட்ஸ் கழுவ வாங்கிக்குவாங்க.