இன்டெக்ரபிலிட்டிக்குத் தமிழ்: ‘தக்கமை’யா, ‘உடைமை’யா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்கப்பட்டதையும், அதையொட்டி வந்த பரிந்துரைகளையும் படித்தேன். ஒன்று, சேவைத் தொழில்களில் வழங்கும் ‘கஸ்டமர் ஓரியன்டேஷன்’, அதாவது வாடிக்கையாளரின் தேவையை முன்வைத்து நடத்தல்; மற்றது, இயங்கமைப்புகளைப் (காலப்போக்கில் நிலை மாறும் அமைப்புகளைப்) பற்றிப் பேசும்போது வரும் ‘இன்டெக்ரபிலிட்டி’, அதாவது இயக்கம் முழுவதும் மாறாமல் நிற்கும் கணியங்கள் ஓர் அமைப்பில் போதிய அளவு இருக்கும் பண்பு. முன்னது மேலாண்மை மாணவருக்கும் பின்னது இயற்பியல், கணித மாணவருக்கும் வேண்டியது என்றாலும், இரண்டிலும் நாம் தடுக்கி விழும் இடம் ஒன்றே. சொல்லின் முற்பகுதிக்கு நல்ல தமிழைத் தேடிவிட்டு, பிற்பகுதிக்குக் கைக்குக் கிடைத்த விகுதியை ஒட்டவைத்துவிடுகிறோம்.

எளியதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘வாடிக்கையாளர் மையம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மையம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, புகார் கொடுக்க வரிசையில் நிற்கும் சேவை மையம்தான். ‘வாடிக்கையாளர் சார்பு’ என்பதில் வேறொரு குறை உள்ளது. நார்வரும் ஸ்லேட்டரும் 1990-இல் எழுதிய கட்டுரையில் சந்தை நோக்கை மூன்று கூறுகளாகப் பிரித்தனர்: வாடிக்கையாளரைக் கவனித்தல், போட்டியாளரைக் கவனித்தல், நிறுவனத்தின் துறைகள் தம்முள் ஒத்துழைத்தல். முதலாவதை வாடிக்கையாளர் சார்பு என்றால் இரண்டாவதைப் போட்டியாளர் சார்பு என்றுதான் சொல்லவேண்டும். அதைக் கேட்பவர், எதிர்க்கடைக்காரருக்குப் பரிந்து பேசுவது என்றே பொருள் கொள்வார். ‘நோக்கு’ என்றால் இந்தச் சிக்கல் இல்லை. சாக்ஸும் வைட்ஸும் 1982-இல் விற்பனையாளர்களின் போக்கை அளக்க உருவாக்கிய 24 கூற்றுகள் கொண்ட அளவுகோல், விற்றுத் தீர்ப்பதையே குறியாகக் கொண்ட போக்கையும் வாங்குபவரின் தேவையறிந்து உதவும் போக்கையும் எதிரெதிரே நிறுத்துகிறது. அவற்றை விற்பனை நோக்கு, வாடிக்கையாளர் நோக்கு என்று இணையாகச் சொல்ல முடிகிறது. பொருள்நோக்கு நிரலாக்கம் என்று பள்ளிக் கணினிப் பாடநூல்களிலும் இதே சொல் ஏற்கெனவே பழகியிருக்கிறது. சேவைத் தொழிலில் வக்கீலுக்குக் கட்சிக்காரர், பேருந்துக்குப் பயணி, மருத்துவருக்கு நோயாளி என்று தனித்தனிச் சொற்கள் நம்மிடம் உண்டு என்பது உண்மைதான். ஆயினும் பொதுச்சொல்லாக வாடிக்கையாளரே போதும். வாடிக்கை என்பது வழக்கம்; ஆங்கிலச் சொல்லும் வழக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே. ஆகவே வாடிக்கையாளர் நோக்கு என்பதோடு இதை முடித்துக்கொள்ளலாம்.

இன்டெக்ரபிலிட்டி அப்படி எளிதில் முடிவதன்று. இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: ஒருங்கிணைமை, தீர்க்கத்தக்கமை, ஒழுங்கியக்கம், தொகையிடத்தக்கமை.

ஒருங்கிணைமையை உடனே ஒதுக்கிவிடலாம். துறைகளை ஒருங்கிணைத்தல், மின்சுற்றுகளை ஒருங்கிணைத்தல் என்னும் பொருளில் அது நல்ல சொல். இங்கே எதுவும் எதனோடும் இணைக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டில் இருக்கும் ஒற்றுமை தவிர வேறு உறவு கிடையாது.

தீர்க்கத்தக்கமை அப்படித் தள்ளிவிடக்கூடியதன்று. அது பொருளுக்கு மிக அருகில் வருகிறது என்பதாலேயே ஆபத்தானது. ஞாயிறு, புவி, நிலா போன்ற மூன்று பொருள்கள் ஈர்ப்பினால் எப்படி இயங்கும் என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெக்ரபிள் அல்லாத அமைப்புக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு அது. ஆனால் 1912-இல் ஃபின்லாந்தின் கணித அறிஞர் சண்ட்மன், மொத்தக் கோண உந்தம் சுழியாக இல்லாதவரை எல்லாக் காலத்துக்கும் குவியும் ஒரு தொடராக அதன் தீர்வை எழுதிக்காட்டிவிட்டார். அந்தத் தொடர் குவியும் வேகம், நடைமுறையில் எதற்கும் பயன்படாத அளவுக்கு மெதுவானது என்பது வேறு கதை, தீர்வு இருக்கிறது. ஆகவே தீர்க்கத்தக்கமை என்ற பெயரை வைத்தால், தீர்க்கப்பட்ட ஒன்றையே தீர்க்கத்தகாதது என்று சொல்லவேண்டிய நிலைக்கு மாணவர் தள்ளப்படுவார்.

ஒழுங்கியக்கம் என்பதற்கும் இதுபோன்ற தடை ஒன்று உண்டு. கோல்மகோரோவ் 1954-இலும், மோசர் 1962-இலும், ஆர்னால்டு 1963-இலும் நிறுவிய தேற்றத்தின் சாரம் என்ன? இந்தப் பண்புள்ள ஓர் அமைப்பைச் சற்றே அசைத்து அந்தப் பண்பைக் கெடுத்துவிட்டாலும், அதன் இயக்கப் பாதைகளில் பெரும்பான்மை ஒழுங்காகவே இருக்கும் என்பதுதான். பண்பு போன பிறகும் ஒழுங்கு தங்குகிறது என்றால், இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்?

எஞ்சுவது தொகையிடத்தக்கமை. நம்மில் பலர் இதன் பக்கமே இருக்கிறார்கள்; அவர்களிடம் நல்ல காரணமும் இருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பதையே தொகையிடுதல் (இன்டெக்ரேஷன்) என்று சொல்லிவந்த காலத்தில் பிறந்த பெயர் இது. 1855-இல் லியூவில் வெளியிட்ட தேற்றமும், தேவையான மாறாக் கணியங்கள் கிடைத்துவிட்டால் மீதி வேலை சில தொகையிடல்களிலும் இயற்கணிதத்திலும் முடிந்துவிடும் என்றே கூறுகிறது. எனவே ‘தொகை’ என்ற வேர் சரியான வேர். அதை விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. என் தடை ‘தக்க’ என்பதன் மீதுதான்.

நம்பத்தக்கவர் என்றால் நம்புவது நாம். உண்ணத்தக்கது என்றால் உண்பது நாம். ‘தக்க’ என்று முடியும் சொல், பொருளின் மீது யாரோ செய்யும் வினையை உள்ளடக்கியே வரும். ஒரு சார்பைத் தொகையிடத்தக்க சார்பு என்பது அதனால் மிகப் பொருத்தம்: ரீமன் வகுத்த முறையில் அதற்குத் தொகை காண முடியும் என்பதுதான் அங்கே பொருள். அந்தச் சொல் அந்த இடத்தில் நிலைத்துவிட்டது, அங்கேயே இருக்கட்டும். இயங்கமைப்பைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்லவருவது நம்மால் செய்ய முடிவது எது என்பதையன்று, அந்த அமைப்பிடம் இருப்பது எது என்பதை.

இதைப் பம்பரத்தைக் கொண்டு விளக்கிவிடலாம். ஆணி நுனி ஒரே புள்ளியில் ஊன்றி நிற்க, ஈர்ப்பின்கீழ் சுழலும் திண்பொருளுக்குச் சுதந்திர இயக்கக் கூறுகள் (ஒன்றையொன்று சாராமல் அது அசையக்கூடிய வழிகள்) மூன்று. அதன் வடிவம் எப்படிக் கோணலாக இருந்தாலும் இரண்டு கணியங்கள் இயக்கம் முழுவதும் மாறாமல் இருக்கும்: மொத்த ஆற்றலும், கோண உந்தத்தின் செங்குத்துக் கூறும். மூன்றாவது ஒன்று வேண்டும். பொருளின் நிறை மையம் ஊன்றிய புள்ளியிலேயே இருந்தால் கோண உந்தத்தின் மொத்த அளவு மூன்றாவதாக அமைகிறது. இது ஆய்லரின் வகை. சிறுவர்கள் விடும் பம்பரம் போல அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருந்தால் அந்த அச்சின் வழியான கோண உந்தம் மூன்றாவதாகிறது. இது லக்ராஞ்சின் வகை. அதற்குமேல் பொதுவான வகை எதுவும் நெடுங்காலம் அகப்படவில்லை. 1888-இல் சோஃபியா கோவலெவ்ஸ்கயா, சுழற்சி மாற்றத்தைப் பொருள் எதிர்க்கும் அளவைச் சொல்லும் மூன்று முதன்மை நிலைமத் திருப்புத்திறன்களில் இரண்டு சமமாகவும் மூன்றாவது அவற்றில் பாதியாகவும் இருந்து, நிறை மையம் குறிப்பிட்ட தளத்தில் அமைந்தால், நான்காம் படியில் வரும் ஒரு மாறாக் கணியம் அங்கே இருப்பதைக் கண்டார். பாரிசு அறிவியல் கழகம் அவருக்குப் போர்டின் பரிசை அளித்தது. கட்டுரையின் சிறப்பைக் கருதிப் பரிசுத்தொகை 3000 பிராங்கிலிருந்து 5000 பிராங்காக உயர்த்தப்பட்டது. அவர் கண்டது, அந்தப் பம்பரம் யாரும் அறியாமல் வைத்திருந்த ஓர் உடைமையை.

மாறாமல் நிற்கும் இத்தகைய கணியத்துக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் ‘ஃபர்ஸ்ட் இன்டெக்ரல்’: இயக்கச் சமன்பாட்டை ஒருமுறை தொகையிட்டதும் கைக்கு வருவது. இதைத் ‘தொகையீடு’ என்று கொண்டால், வேண்டிய அளவு தொகையீடுகளை ஓர் அமைப்பு பெற்றிருப்பதைத் தொகையீடுடைமை என்று சொல்லலாம். இதுவே என் பரிந்துரை. அறிவுடைமை, பொறையுடைமை, நாணுடைமை என்று பண்பை ‘உடைமை’யால் சுட்டுவது தமிழின் இயல்பு, பெயரடையாகத் தொகையீடுடைய அமைப்பு என்று வரும்.

எழக்கூடிய தடைகளை நானே எழுப்பிப் பார்க்கிறேன். ‘தொகையுடைமை’ என்று இன்னும் சுருக்கினால் என்ன என்று கேட்கலாம். வங்கியில் வேலை பார்ப்பவரிடம் அதைச் சொன்னால் வைப்புநிதி எவ்வளவு என்று கேட்பார். ‘முதல் தொகை’ என்றாலோ வட்டி விகிதத்தையும் சேர்த்துக் கேட்பார். ‘ஈடு’ சேர்ந்த தொகையீடு அந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. இலங்கைப் பாடநூல்களிலும் பழகிய சொல் அது. மாறிலியுடைமை என்று வைத்தால் என்ன என்றால், பம்பரத்தின் நிறையும் நீளமும்கூட மாறிலிகள்தாமே? அவற்றை எந்த அமைப்பும் உடையது.

இதைவிடக் கூர்மையான தடை ஒன்று உண்டு. ஒரேயொரு தொகையீடு இருந்தாலும் தொகையீடுடைய அமைப்புதானே என்று கேட்டால்? பணமுடையவர் என்று பையில் பத்து ரூபாய் வைத்திருப்பவரை நாம் சொல்வதில்லை. போதிய அளவு உடையவரையே சொல்கிறோம். போதிய அளவு எது என்பதை வரையறை சொல்லட்டும்: சுதந்திர இயக்கக் கூறுகள் எத்தனையோ அத்தனை தொகையீடுகள் வேண்டும், அவை ஒன்றையொன்று சாராதவையாக இருக்கவேண்டும், அவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும் பாய்சான் அடைப்பு (இரு கணியங்கள் தம்முள் இணங்குகின்றனவா என்று காட்டும் கணக்கு) சுழியாகவேண்டும். கடைசி நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகின்றனர். முன்னே சொன்ன மூன்று பொருள்களுக்கு இயக்கக் கூறுகள் 9; ஆற்றல், உந்தம், நிறை மையத்தின் சீரான நகர்வு, கோண உந்தம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் தொகையீடுகளோ 10. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒன்று கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அவற்றிலிருந்து தம்முள் பாய்சான் அடைப்பு சுழியாகும்படி எடுக்க முடிவது 6 மட்டுமே. அந்த 10-ஐத் தவிர இயற்கணித வடிவில் வேறு தொகையீடே இல்லை என்று 1887-இல் புரூன்ஸ் நிறுவினார்.

உடைமை என்று சொல்வதன் பொருத்தத்துக்கு இன்னொரு சான்று தருகிறேன். ஒரே வரிசையில் சுருள்வில்களால் கோத்த பொருள்களை ஒத்த, ஆனால் விசை நீட்சிக்கு நேர்விகிதத்தில் இல்லாத அமைப்பு ஒன்றை 1967-இல் ஜப்பானின் தோடா எழுதினார். சில தீர்வுகளை அவரே கண்டார். அதற்குத் தேவையான எல்லாத் தொகையீடுகளும் உண்டு என்பது 1974-இல் ஹெனான், ஃபிளாஷ்கா ஆகியோரின் தனித்தனிக் கட்டுரைகளில்தான் வெளிப்பட்டது. இடைப்பட்ட 7 ஆண்டுகளில் அந்த அமைப்பில் எதுவும் மாறவில்லை. நம் அறிவுதான் மாறியது. ‘தக்கமை’ என்றால் 1973-இல் தகாததாக இருந்தது 1974-இல் தக்கதாகிவிட்டது போன்ற தோற்றம் வரும். (தமிழ் இலக்கணத்தில் தொகை என்பதே உருபு வெளிப்படாமல் மறைந்து நிற்பதைக் குறிக்கும் என்பது இங்கே தற்செயலாக அமைந்த அழகு, அதை வாதமாக நான் வைக்கவில்லை.)

கிளைச்சொற்களையும் சோதித்துப் பார்த்தேன். இல்லாமைக்குத் தொகையீடின்மை. தேவையான அளவில் ஒரு பகுதியே இருந்தால் பகுதித் தொகையீடுடைமை. தேவைக்கு மேலும் இருந்தால் மிகைத் தொகையீடுடைமை: ஞாயிற்றைச் சுற்றும் ஒற்றைக் கோளுக்குத் தேவை 3, ஆனால் ஒன்றையொன்று சாராதவை 5 கிடைக்கின்றன, அதனால்தான் கெப்ளரின் நீள்வட்டம் திரும்பத் தொடங்கிய இடத்திலேயே வந்து மூடிக்கொள்கிறது. முழுமையைக் குறிக்க ‘நிறை’ என்ற அடை வேண்டாம். இயற்பியல் வகுப்பில் அது பொருளின் நிறையாகிவிடும். முழுத் தொகையீடுடைமை என்றே இருக்கட்டும். கால்வாய் அலைகளுக்கான கோர்ட்வெக்–டி விரீஸ் சமன்பாட்டுக்கும், பின்னாளில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நேரிலா இயக்கவியல் மையத்தை உருவாக்கிய எம். லட்சுமணன் 1977-இல் ஆராய்ந்த காந்தச் சுழற்சித் தொடருக்கும் தொகையீடுகள் முடிவிலி எண்ணிக்கையில் உண்டு. அங்கே ‘அத்தனைக்கு அத்தனை’ என்ற எண்ணிக்கை வரையறை அப்படியே செல்லாது. சொல் மட்டும் மாறாமல் செல்லும்.

‘சிஸ்டம்’ என்பதற்கு அமைப்பா, தொகுதியா என்ற கேள்வியில் நான் அமைப்பின் பக்கம். இலங்கையில் தொகுதி பெருவழக்கு என்பதை அறிவேன். ஆனால் தொகையீடுடைய தொகுதி என்று எழுதும்போது ஒரே வேர் இருமுறை வந்து, இரண்டாவது தொகை முதல் தொகையின் விளைவோ என்று ஐயுறச் செய்கிறது. அங்குள்ள நண்பர்கள் இதில் தங்கள் கருத்தைச் சொல்லவேண்டும்.

என்னால் விடைகாண முடியாத ஓர் இடம் உண்டு. வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு தளத்தை வைத்து, அவையெல்லாம் சேர்ந்து பரப்புகளாகப் பொருந்துமா என்று கேட்கும் ஃபுரோபீனியஸ் தேற்றத்திலும் இதே ஆங்கிலச் சொல் வருகிறது. அங்கே மாறாக் கணியம் என்ற பேச்சே முதன்மையில்லை. தளங்கள் ஒன்றோடொன்று இசைந்து பரப்பாவதுதான் செய்தி. தொகையீடுடைமையை அங்கே நீட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. ‘பரப்பிசைவு’ என்று ஒரு சொல் தோன்றுகிறது. ஆனால் மூன்றுக்கு மேற்பட்ட பரிமாணங்களில் அமைபவற்றையும் பரப்பு என்று சொல்லலாமா என்ற ஐயம் தடுக்கிறது. வடிவியல் அறிந்தவர்கள் இதற்கு மட்டும் தனியாக எழுதுங்கள்.