92-ஐத் தாண்டிய இரண்டு புள்ளி

கர்ப்பத்தின் 26-ஆவது வாரம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்து ஓர் ஊசி, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. குடித்ததும் குமட்டியதே, அதைத்தான் பெரிய விஷயமாக நினைத்திருந்தேன். குளுக்கோஸுக்குப் பிறகு எடுத்த இரண்டும் சரியாக இருந்தன. வெறும் வயிற்று அளவு மட்டும் 94. 92 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எழுதிவிடுவார்களாம்.

இரண்டே புள்ளி! எப்போதெல்லாம் இனிப்பு சாப்பிட்டேன் என்று கணக்குப் போட்டு ராத்திரி முழுக்க அழுதேன்.

அடுத்த வாரம் ஓர் ஆராய்ச்சியாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தச் சர்க்கரை வந்தவர்களைப் பிரசவத்துக்குப் பிறகும் கவனிக்கும் ஆய்வு, சேர விருப்பமா என்று கேட்டார். "டாக்டர், இந்த 92-ஐ யார் முடிவு பண்ணினது?" என்றேன். சிரித்துவிட்டார்.

அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். 1964-இல் அமெரிக்காவில் ஓ'சல்லிவன், மேஹன் என்ற இருவர் 752 கர்ப்பிணிகளை வைத்து ஒரு கோடு போட்டார்கள். அது, தாய்க்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வருமா என்று கணிக்கப் போட்டது. வயிற்றுப் பிள்ளையை வைத்துப் போட்டதல்ல. பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று பெரிய அளவில் பார்த்தது 2008-இல் வெளியான ஹாப்போ ஆய்வு. 9 நாடுகள், 15 மையங்கள், ஏறத்தாழ 25,000 பெண்கள். மிக அதிகமாக இருந்தவர்களைத் தவிர மற்றவர்களின் அளவை அவர்களுக்கும் சொல்லவில்லை, அவர்களைப் பார்த்த மருத்துவர்களுக்கும் சொல்லவில்லை. (கேட்டதும் திக்கென்றது. அந்த அளவுகளுக்குச் சிகிச்சை வேண்டுமா என்பதே அன்று தெளிவாகவில்லையாம்.) கடைசியில் பார்த்தால், இயற்கையில் கோடு என்று ஒன்று இல்லவே இல்லை. சர்க்கரை ஏற ஏற, பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும் வாய்ப்பும் படிப்படியாக ஏறுகிறது. எங்கேயாவது நிறுத்த வேண்டுமே என்று 2010-இல் நிபுணர் குழு வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என்று வைத்தது. வேறு அளவுகோல் வைத்திருக்கும் இடத்தில் 94-க்கு என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்!

இனிப்புக் கணக்கையும் சொன்னேன். "நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாக் கர்ப்பிணிக்கும் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கும். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்ட வேண்டும். உங்களுடையது கொஞ்சம் திணறுது, அவ்வளவுதான்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன். சாப்பாட்டை மாற்றினேன், நடந்தேன், இன்சுலின் ஊசி இல்லாமலே பிரசவம் ஆனது.

—

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது, இன்சுலின் போட்டார்கள். அதைவிடப் பயந்தது, பிறந்த சூட்டோடு பிள்ளையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தபோதுதான். என் நோய் ஒட்டிக்கொண்டதா என்று கேட்டேன். நேர்மாறாம், குறைந்துவிடுமோ என்று பார்க்கிறார்களாம். அம்மாவின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. அதனால் பிள்ளை தானே இன்சுலினை அதிகமாகச் சுரந்து பழகிவிடுகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நின்றுவிடும், இன்சுலின் உடனே நிற்காது. டென்மார்க்கின் பெடர்சன் 1950-களிலேயே சொன்ன விளக்கம். என் பிள்ளைக்குப் பால் கொடுத்ததும் ஏறிவிட்டது.

—

உங்கள் இருவரையும் போல எனக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது. எல்லாம் சரி, பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. பிள்ளை பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது என்று விட்டுவிட்டேன். நாலு வருஷம் கழித்து வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது இரண்டாம் வகை நீரிழிவு என்றார்கள். எத்தனை நாளாக இருந்ததோ. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று 2009-லேயே எழுதியிருக்கிறார்கள். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

—

94 வந்தவள்தான் மறுபடி எழுதுகிறேன். அந்தப் பரிசோதனைக்கு ஆய்வுக்காரர்கள் இரண்டு முறை கூப்பிட்டார்கள். பிள்ளை தூங்கவிடவில்லை என்று தள்ளிப்போட்டேன். இப்போதுதான் தேதி பார்த்தேன், 11 வாரம் முடியப்போகிறது. நாளைக் காலை வெறும் வயிற்றோடு போகிறேன்.